வீட்டுக்கு ஒரு கை

“எனக்குத் தனியா ஒரு ஓட்டு வேணும், மாமா.”

கூட்டத்தில் இதை மட்டும் கேட்டுவிடாதே என்று காலையில் சேலை கட்டும்போதே மாமியார் கமலாம்பிகை சொல்லியிருந்தாள். நவமணி தேநீர்த் தட்டைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டாள். பினாங்கு டத்தோ கிராமாட் மண்டபத்தில் உட்கார்ந்திருந்த ஆண்கள் எல்லாரும் அவள் பக்கம் திரும்பினார்கள்.

தாயின் உயிருக்கோ உடம்புக்கோ ஆபத்தென்றால் கருவைக் கலைக்கலாம் என்று சட்டம் தளர்ந்திருந்த வருஷம் அது. அங்கே கூடியிருந்த யாழ்ப்பாணக் குடும்பங்களின் சங்கம் அதை எதிர்த்து மனு கொடுக்கப் போகிறது. நாம் ஏற்கெனவே கொஞ்சப் பேர், இன்னும் குறைந்தால் பினாங்கில் நம்மை யார் மதிப்பார்கள் என்பது தலைவர் குலசேகரத்தின் வாதம். அவர் நவமணியின் மாமனார். சங்கத்தில் வீட்டுக்கு ஒரு ஓட்டு. அதுவும் ஆண்பிள்ளை தூக்கும் கை.

“பிள்ளை, நீ தோட்டத்தில இருந்து வந்தனீ. எங்கட சங்கத்து ஆளில்லை. கோவிக்காதை,” என்றார் குலசேகரம்.

“அப்ப என் வயித்துல இருக்கிறது?”

“அது எங்கட பிள்ளைதானே.”

“பிறக்க முன்னமே மெம்பர்லா,” என்றார் பின்வரிசை அப்புத்துரை. மண்டபம் சிரித்தது.

பைராம் ரப்பர்த் தோட்டத்து இந்தியத் தமிழ்த் தொழிலாளர் பிள்ளைகளில் பட்டம் வாங்கிய முதல் பெண் அவள். சிரிப்புக்கு அடங்கிப் பழகாதவள். போன வருஷம் ஏழாம் மாதத்தில் வலிப்பு வந்தது. பிள்ளை தங்கவில்லை, அவள் தப்பினாள். இந்த முறை இரத்த அழுத்தம் இப்போதே ஏறிவிட்டது. உடம்பு தாங்காது, கலைப்பதானால் தள்ளிப்போடாதே என்று டாக்டர் நோர்மா சொன்னபோது கணவன் சந்திரசேகரன் பக்கத்தில்தான் இருந்தான். பேருந்தில் வீடு வரும்வரை அவள் கையை அவன் விடவில்லை. இந்தப் பிள்ளை வேண்டாம் என்று அவள் ஒருநாளும் நினைத்ததில்லை. வேண்டும், வேண்டாம் எதுவானாலும் தன் வாயிலிருந்து வரவேண்டும், அவ்வளவுதான். இவர்கள் தேநீர் குடித்துக்கொண்டே தன்னைச் சாகவிடுவார்கள். அதற்கு இனத்தைக் காப்பது என்று பெயரும் வைப்பார்கள்.

“மனுவுக்குச் சம்மதமான வீடுகள் கையைத் தூக்குங்கோ.”

கைகள் எழுந்தன. தலைவர் எண்ணுகிறவர் என்பதால் அவர் வீட்டு ஓட்டு மகன் கையில். குலசேகரம் விரல் நீட்டி எண்ணிக்கொண்டே அவன் முன்னால் வந்து நின்றார். சந்திரசேகரன் அவளைப் பார்த்தான். அப்பாவைப் பார்த்தான். காதைச் சொறியப் போகிறவன்போல மெல்ல அவன் கையும் மேலே போனது.

நவமணி தட்டை அவன் மடியில் வைத்தாள்.

“நாளைக்குக் காலையில நோர்மாகிட்ட போறேன். வர்றதுன்னா வாங்க. கேக்கல, சொல்றேன்லா.”

வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு ஒருமுறை திரும்பினாள். தட்டு சாய்ந்து தேநீர் அவன் வேட்டியில் ஊறிக்கொண்டிருந்தது. அவன் கை இன்னும் மேலேயே இருந்தது. அவள் வெயிலில் இறங்கி நடந்தாள்.