பன்றிக்கு என்று கேட்ட மருந்து

சீமைப்பலா மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார் லஃபாயெலே. மூத்திரம் நாலு சொட்டு விழுந்தது. மிளகாயை அரைத்து உள்ளே விட்டதுபோல் எரிந்தது. சவாயித் தீவின் ஊர்ச்சபையில் எழுந்து நின்றால் பொழுது சாயுமட்டும் ஓயாமல் பேசுகிற மனிதர், பல்லைக் கடித்துக்கொண்டு மரத்திடம் முனகினார்.

நர்ஸ் போன வாரமே சொல்லியிருந்தாள். மூத்திரத்தில் ஒரே ஒரு கிருமி அல்ல, இரண்டு மூன்று ஜாதி கலந்து கிடக்கிறது, பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய் ஊசி போட்டுக்கொள்ள வேண்டும் என்று. "எங்க, ஒண்ணப் புடிச்சுக் காட்டு பாப்போம்" என்று கேட்டுவிட்டு வந்துவிட்டார். கண்ணால் பார்க்காமல் ஒரு மீன்கூட வாங்காதவர் அவர். நம்பியது ஒரே ஆளை, தங்கை ஃபியாசிலியை. இலையும் பட்டையும் இடித்து இளநீரில் கலக்கி அவள் கொடுக்கும் மருந்துக்குப் பக்கத்துத் தீவிலிருந்து படகேறி வருவார்கள். அதைச் சொல்லும்போது அவர் மார்பு தானாக விரியும்.

ஆனால் கூடப் பிறந்தவள் காதில் இடுப்புக்குக் கீழே உள்ள பேச்சு விழலாமா? அண்ணன் இருக்கிற பாயில் தங்கை உட்காராத ஊர் அது. மனைவி பலேபாவை அனுப்பினார்.

"பன்னிக்குன்னு சொல்லி வாங்கிட்டு வா."

மருந்து வந்தது. குடித்தார். எரிச்சல் கொஞ்சம் தணிந்த மாதிரி இருந்தது. அப்புறம் குளிர்ஜுரம் வந்து ஆளைப் பாயோடு தூக்கிப் போட்டது.

காலையில் ஃபியாசிலியே வந்தாள். வீட்டுக்கு முதுகைக் காட்டி வாசல் கல்லில் உட்கார்ந்தாள்.

"அண்ணி, பன்னி எப்பிடி இருக்கு?"

"நடுங்குது ஃபியா. முதுகு வலிக்குதுன்னு அழுவுது."

"ஓ, வாய் பேசுற பன்னியா!"

உள்ளே லஃபாயெலே போர்வையைத் தலைக்குமேல் இழுத்துக்கொண்டார்.

"இங்க பாரு அண்ணி, என் மருந்து எரிச்சலத் தணிக்கும், அவ்வளவுதான். ஜுரம் ஏறிட்டா அது வேற. இனியும் என் இலைய நம்பிக் கெடந்தா அந்தப் பன்னி செத்துப்போயிடும். ஆஸ்பத்திரிக்கு ஏத்து."

"மாட்டேங்குது. ஊசி போட்டா, ஃபியாசிலி மருந்து தோத்துப்போச்சுன்னு ஊரு சிரிக்குமாம்."

ஃபியாசிலியின் குரல் கூரைக்கு எழும்பியது.

"என் மருந்து எதுவரைக்கும் போகும்னு எனக்குத் தெரியும். அது தெரியாதவ மருத்துவச்சியா? சிரிக்கிறவன் என் மூஞ்சிக்கு நேரா சிரிக்கட்டும். நானே முன்னால நடக்குறேன். கெளம்பச் சொல்லு அந்தக் கெழட்டுப் பன்னிய!"

சபையில் யாருக்கும் விட்டுக்கொடுக்காதவர் போர்வையை விலக்கினார். 'எவளுக்கு வரும் இந்த வாய்? என் கூடப் பிறந்தவள்!' என்று நினைத்தபடி சுவரைப் பிடித்து எழுந்தார்.

பஸ்ஸில் முன்சீட்டில் தங்கை. கடைசி சீட்டில் அண்ணன், பலேபாவின் தோளில் சாய்ந்து. பாதி வழியில் அவரால் அடக்க முடியவில்லை. "நிறுத்துப்பா!" என்று பலேபா கத்தினாள்.

அவர் இறங்கின பக்கத்து ஜன்னலில் ஃபியாசிலி குடையை விரித்து மறைத்துப் பிடித்தாள். பிடித்தபடியே, நேராக முன்னால் பார்த்துக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை சர்ச் பாட்டு ஒன்றை உரக்க எடுத்தாள். பக்கத்துக் கிழவி சேர்ந்தாள். டிரைவர் சேர்ந்தான். பஸ் முழுக்கப் பாடியது.

வெளியே, நாலு சொட்டுக்காகக் காத்துக்கொண்டு, லஃபாயெலே தலையை நிமிர்த்தி நின்றார்.