இருபத்தாறாவது உருவம்

அந்த வருஷம் தலைமையாசிரியை வாயைத் திறந்தால் ‘ஒரு படம், நாலு பாடம்’ என்பார். பிள்ளைகள் கையால் எதைச் செய்தாலும் அதிலேயே கணக்கும் அறிவியலும் மொழியும் வந்துவிட வேண்டும். வண்ணத்தைப் பூசினோமா, கையைக் கழுவினோமா என்று போகிற கதையெல்லாம் இனிமேல் ஆகாது. மற்ற ஆசிரியைகள் பெருமூச்சு விட்டுக்கொண்டிருந்தபோது, மூன்றாம் வகுப்பு டீச்சர் அன்று மாலையே உட்கார்ந்து திட்டம் எழுதிவிட்டாள்.

அவள் இந்தப் பள்ளிக்கு மாற்றலாகி வந்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. நாற்பது வயது. எடுத்த காரியத்தை முடிக்காமல் கீழே வைக்காதவள் என்று பழைய பள்ளியில் பேர். அந்தப் பேரை இங்கேயும் எடுக்க வேண்டும் என்று உள்ளுக்குள் ஓர் அவசரம் இருந்தது.

திட்டம் இதுதான். தரையில் பழுப்புக் காகிதத்தை விரித்து ஒரு பிள்ளை அதன்மேல் மல்லாந்து படுத்துக்கொள்ளும். இன்னொரு பிள்ளை உடம்பைச் சுற்றி மெழுகுக் குச்சியால் கோடு இழுக்கும். பிறகு உருவத்தை வெட்டி எடுத்து, நெஞ்சுக்குள் நுரையீரலும் இதயமும், வயிற்றுக்குள் இரைப்பையும் வண்ணக் காகிதத்தில் செய்து ஒட்ட வேண்டும். அது அறிவியல். கை, கால், உயரம் எல்லாவற்றையும் நூலால் அளந்து யாருக்கு எவ்வளவு என்று பட்டை வரைபடம் போடுவது கணக்கு. ‘என் கை என்னென்ன செய்யும்’ என்று கீழே ஐந்து வரி எழுதுவது மொழி. பெற்றோர் வரும் நாளில் நடைக்கூடச் சுவர் நெடுக இருபத்தாறு பிள்ளைகளின் இருபத்தாறு உருவங்கள் நிற்கும்.

முதல் இரண்டு நாள் வகுப்பு சந்தைக்கடை மாதிரி இருந்தது. கூச்சப்படும் ஒருவன் இடுப்புக்குக் குச்சி வந்ததும் நெளிந்ததில், அவன் உருவத்துக்கு இடுப்பே அலைஅலையாக வந்தது. வாயாடி என்று எல்லாரும் கூப்பிடும் பெண், வெட்டி எடுத்த தன் உருவத்தைப் பார்த்துவிட்டு, “டீச்சர், இது நான் இல்ல, எங்க பெரியம்மா” என்றாள். டீச்சருக்கே சிரிப்பை அடக்க முடியவில்லை.

பட்டாணி மட்டும் படுக்கவில்லை.

வகுப்பிலேயே சின்ன உருவம் அவள்தான். அதனால் பிள்ளைகள் வைத்த பேர் பட்டாணி. அதிகம் பேசமாட்டாள், சொன்ன வேலையைச் செய்வாள். மற்றவர்கள் படுத்தபோது நான்கு பேருக்கு அவள்தான் கோடு இழுத்தாள், அதுவும் கை நடுங்காமல். தன் முறை வந்ததும் முதல் நாள் வயிறு வலிக்கிறது என்றாள். இரண்டாம் நாள் நாளைக்கு என்றாள். மூன்றாம் நாள் கழிவறைக்குப் போய்விட்டு மணி அடித்த பிறகுதான் வந்தாள்.

நான்காம் நாள் டீச்சர் விடவில்லை.

“இருபத்தஞ்சு பேர் முடிச்சாச்சு. உனக்கு மட்டும் என்ன தனிச் சட்டமா? வா, படு. ரெண்டே நிமிஷம்.”

பட்டாணி காகிதத்தின் ஓரத்தில் வந்து உட்கார்ந்தாள். படுக்கவில்லை.

“அழுக்காகாது. புதுக் காகிதம்தான்.”

பிள்ளைகள் எல்லாரும் சுற்றி நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். டீச்சர் குனிந்து அவளுடைய இரண்டு தோளையும் பிடித்து அழுத்திப் படுக்க வைத்தாள். கடுமையாக அல்ல. பின்னாளில் அந்தக் காட்சியை டீச்சர் தனக்குத்தானே சொல்லிப் பார்க்கும்போதெல்லாம் ‘கடுமையாக அல்ல’ என்ற இடத்தில் வந்து நின்றுவிடுவாள். அழுத்தியது அழுத்தியதுதானே.

பட்டாணி கட்டைபோல விறைத்துக் கிடந்தாள். கண் கூரையைப் பார்த்து நிலைகுத்தியிருந்தது. டீச்சர் உச்சந்தலையில் தொடங்கிக் காதைச் சுற்றிக் கழுத்துக்குக் கோடு இழுத்து வருவதற்குள், காகிதத்தில் கரும்பழுப்பாக ஓர் ஈரம் பரவியது. யாரோ ஒரு பிள்ளை “ஐயையோ, ஒண்ணுக்குப் போயிட்டா!” என்றது. வகுப்பு முழுக்கச் சிரித்தது. பட்டாணி எழுந்தாள். யாரையும் பார்க்காமல் வெளியே ஓடினாள்.

அவளைத் தேடிக் கண்டுபிடித்தது பள்ளியின் ஆயா. விளையாட்டுச் சாமான் அறையில், சுருட்டி வைத்த பாய்களுக்குப் பின்னால் சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டு நின்றிருந்தாள். ஆயா அவளைத் துடைத்து, வேறு உடை மாற்றி, அப்பாவை வரவழைத்து அனுப்பிவிட்டு நேராக டீச்சரிடம் வந்தாள்.

“அந்தப் பிள்ளைய மல்லாக்கப் படுக்க வச்சீங்களா டீச்சர்?”

“ஆமா. ஏன்?”

ஆயா சேலை முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். துடைக்க ஈரம் ஒன்றும் இல்லை. “அவ அம்மா செத்து ரெண்டு வருஷமாச்சு. சமையலறையில நின்னுக்கிட்டு இருந்தவ அப்படியே சாய்ஞ்சிருக்கா. மாரடைப்பு. வீட்ல இந்தப் பிள்ள மட்டும்தான். ஆறு வயசு. காலையிலேர்ந்து சாயங்காலம் அவ அப்பன் வர்ற வரைக்கும் அம்மா பக்கத்துலயே உட்கார்ந்திருக்கு. தூங்குறான்னு நினைச்சுதோ என்னமோ, போர்வையெல்லாம் கொண்டாந்து போத்தி விட்டிருக்கு.”

“எனக்கு யாரும் சொல்லலியே.”

“இங்க எல்லாருக்கும் தெரியும் டீச்சர். நீங்க கேட்டிருந்தா சொல்லியிருப்போம்.”

அதில் குத்தல் எதுவும் இல்லை. இருந்திருந்தால் டீச்சருக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

பட்டாணி அடுத்த மூன்று நாளும் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை டீச்சர் முகவரியைத் தேடிக்கொண்டு போனாள். மாடிக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் வீடு. கதவைத் திறந்தவர் பட்டாணியின் அப்பா. லிப்ட் மெக்கானிக். கிரீஸ் கறை நகக்கண்ணிலேயே குடியேறிவிட்ட கை. மேசையில் மகளுடைய பள்ளிச் சட்டை பாதி இஸ்திரி போட்டபடி கிடந்தது.

வழியெல்லாம் யோசித்து வைத்திருந்த பேச்சு டீச்சருக்கு வாசலிலேயே மறந்துபோனது. “தெரியாம செஞ்சுட்டேன். தப்பு என்னுதுதான்” என்று மட்டும் சொன்னாள்.

அவர் கோபப்படவில்லை. உட்காரச் சொன்னார். “அவ மல்லாந்து படுக்கவே மாட்டா, டீச்சர். ஒருக்களிச்சுத்தான். சுவத்துல முதுகு படணும். டாக்டர் கிட்டக்கூட உட்கார்ந்துக்கிட்டுத்தான் வயித்தக் காட்டுவா. நானும் கேக்குறதில்ல. அந்த நாளப் பத்தி நாங்க வீட்ல பேசுறதே இல்ல.” கொஞ்ச நேரம் சட்டையின் காலரை நீவிக்கொண்டிருந்தார். “மன்னிப்பெல்லாம் எங்கிட்ட எதுக்கு? அவகிட்டச் சொல்லுங்க. உள்ளதான் இருக்கா.”

பட்டாணி கட்டில் ஓரத்தில் கால் தொங்க உட்கார்ந்திருந்தாள். டீச்சர் தரையில் உட்கார்ந்தாள்.

“நான் உன்னை அமுக்கினது தப்பு. நீ வேண்டாம்னு சொல்லாமலே சொன்ன. எனக்குக் காது கேக்கல.”

பட்டாணி தன் கால் விரல்களைப் பார்த்தபடி கேட்டாள். “ஏன் அமுக்குனீங்க?”

சமாதானம் சொல்ல வாயெடுத்தாள் டீச்சர். சொல்லவில்லை. “சுவத்துல இருபத்தாறு உருவமும் இருக்கணும்னு நினைச்சேன். ஒரு இடம் காலியா இருந்தா நல்லா இருக்காதுன்னு.”

“காலியா இருந்தா என்ன?”

“ஒண்ணுமில்ல” என்றாள் டீச்சர். “ஒண்ணுமே இல்ல.”

திங்கட்கிழமை பட்டாணி பள்ளிக்கு வந்தாள். சிரித்த பிள்ளைகளிடம் டீச்சர் முன்பே பேசியிருந்தாள். யாரும் மூச்சு விடவில்லை. தலைமையாசிரியை வந்து, “இன்னும் ஒண்ணு குறையுதே?” என்று கேட்டதற்கு, “குறையட்டும் மேடம்” என்றாள் டீச்சர். அவள் வாயிலிருந்து அப்படி ஒரு சொல் வந்ததில் தலைமையாசிரியையே ஒரு கணம் திகைத்தார்.

அந்த வாரம் இதயத்தைப் பற்றிய பாடம். காகிதக் குழாயைச் சுருட்டி, ஒரு முனையைப் பக்கத்துப் பிள்ளையின் நெஞ்சிலும் மறுமுனையைத் தன் காதிலும் வைத்து, பிள்ளைகள் துடிப்பை எண்ணினார்கள். பிறகு வாளித் தண்ணீருக்குள் பிளாஸ்டிக் பாட்டிலை அமுக்கி அமுக்கி, இதயம் எப்படி ரத்தத்தைத் தள்ளுகிறது என்று டீச்சர் காட்டினாள். ஆளுக்கொரு தடவை அமுக்கிப் பார்த்தார்கள். சிவப்புக் காகிதத்தில் இதயம் வெட்டினார்கள். மற்றவர்கள் தங்கள் உருவத்தில் ஒட்டினார்கள். ஒட்ட உருவம் இல்லாத பட்டாணி தன்னுடையதைக் கையிலேயே வைத்திருந்தாள்.

விளையாட்டு மணி அடித்து வகுப்பு காலியானது. பட்டாணி போகவில்லை. வாளிக்குப் பக்கத்தில் நின்று பாட்டிலை அமுக்கிக்கொண்டிருந்தாள்.

“டீச்சர், இது நின்னுட்டா என்ன ஆகும்?”

டீச்சர் கையிலிருந்த கத்தரிக்கோலை மேசையில் வைத்தாள். மழுப்பிவிடலாம். பெரியவளானால் புரியும் என்று சொல்லி வெளியே அனுப்பிவிடலாம். அவள் வாளிக்கு இந்தப் பக்கம் வந்து குந்தினாள்.

“ரத்தம் ஓடாது. கொஞ்ச நேரத்துல உடம்புல ஒண்ணும் வேலை செய்யாது. அவங்க செத்துப் போயிடுவாங்க.”

“தூங்குற மாதிரி இருக்குமா?”

“பார்க்க அப்படி இருக்கும். ஆனா தூக்கம் இல்ல. எழுப்பினா எழுந்திருக்க மாட்டாங்க.”

“பெரியவங்க எழுப்பினா?”

“டாக்டர் உடனே வந்தா சில நேரம் முடியும். பல நேரம் அவங்களாலயும் முடியாது. சின்னப் பிள்ளையால முடியவே முடியாது.”

பட்டாணி பாட்டிலைத் தண்ணீருக்குள் வைத்துக்கொண்டு யோசித்தாள். அது குமிழ்விட்டு நிரம்பியது.

“தண்ணி குடுத்தா?”

“என்னம்மா?”

“நான் அம்மாவுக்குத் தண்ணி குடுத்தேன். டம்ளர்ல. உள்ள போகல, வெளிய வந்திடுச்சு. திரும்பவும் குடுத்தேன். நிறையக் குடுத்தேன்.” அவள் அழவில்லை. கணக்கில் வராத ஒரு விடையைச் சரிபார்க்கிறவள் மாதிரி நெற்றியைச் சுருக்கிக்கொண்டு கேட்டாள். “அதனாலயா?”

இரண்டு வருஷம். எட்டு வயதுக் குழந்தை இதைத் தனியாகச் சுமந்திருக்கிறது. யாரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. இப்போது அழுதால் இந்தக் கேள்விக்குத் தப்பான விடை சொன்னதாக ஆகிவிடும் என்று டீச்சருக்குத் தோன்றியது. பல்லைக் கடித்துக்கொண்டு பேசினாள்.

“இல்ல. நல்லாக் கேட்டுக்கோ. அதனால இல்ல. நீ தண்ணி எடுக்கப் போறதுக்கு முன்னாடியே அம்மாவோட இதயம் நின்னுபோச்சு. அவங்க விழுந்ததே அதனாலதான். தண்ணியால ஒண்ணும் ஆகல.”

“நிச்சயமா?”

“நிச்சயமா.”

பட்டாணி டீச்சரின் முகத்தையே பார்த்தாள். பிறகு பாட்டிலைத் தண்ணீரிலிருந்து எடுத்து, கவிழ்த்துக் காலிசெய்து, மேசைமேல் நிறுத்தி வைத்தாள். விளையாடப் போனாள். அதற்குப் பிறகுதான் டீச்சர் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள்.

இரண்டு நாள் கழித்து, யாரும் கேட்காமலே பட்டாணி வந்து நின்றாள். “டீச்சர், நின்னுக்கிட்டு வரையலாமா?”

காகிதத்தைச் சுவரில் ஒட்டினார்கள். பட்டாணி அதில் முதுகை ஒட்டி நின்றாள். வாயாடிதான் கோடு இழுத்தாள், நாக்கை வெளியே நீட்டிக்கொண்டு, அவ்வளவு கவனமாக. பட்டாணி இரண்டு கையையும் மேலே தூக்கியிருந்தாள். கை மட்டுமா, கடைசி நேரத்தில் குதிகாலையும் தூக்கிவிட்டாள். கணக்குப் பாடத்தில் அது வெளியே வந்தது.

“டீச்சர், இவ உயரம் நூத்திப் பதினாலு சென்டிமீட்டர்தான். படம் நூத்திப் பத்தொன்பது காட்டுது. இது பொய்க் கணக்கு!” என்றாள் வாயாடி.

“பட்டையில நூத்திப் பதினாலுன்னு போடு. படம் அப்படியே இருக்கட்டும்” என்றாள் டீச்சர்.

பெற்றோர் நாளன்று நடைக்கூடத்தில் கூட்டம் நெருக்கியது. லிப்ட் மெக்கானிக் வேலை உடையிலேயே வந்திருந்தார். மகளுடைய உருவத்தின் முன்னால் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு டீச்சரைத் தேடி வந்தார்.

“ஒண்ணு கேக்கணும் டீச்சர். முந்தாநாள் சாப்பிட்டுக்கிட்டு இருக்கும்போது திடீர்னு ‘தண்ணியால இல்லப்பா’ன்னா. என்னதும்மான்னேன். ஒண்ணுமில்லன்னுட்டா. எனக்கு ஒண்ணும் விளங்கல.”

டீச்சர் அவரைக் காலி வகுப்பறைக்குள் கூட்டிப்போய்ச் சொன்னாள், எதையும் குறைக்காமல். அவர் அங்கிருந்த குட்டி பெஞ்சில், முழங்கால் நெஞ்சில் இடிக்க, அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

“அன்னிக்குத் தரையெல்லாம் ஈரமா இருந்துச்சு” என்றார். “அவ அம்மா நெஞ்சு, தலைமுடி எல்லாம் ஈரம். ஏதோ பாத்திரம் கவுந்திருக்கும்னு நினைச்சேன். இத்தன நாளா அப்படித்தான் நினைச்சுக்கிட்டு இருக்கேன்.”

டீச்சர் பக்கத்திலேயே நின்றாள்.

அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார். வாளியும் பாட்டிலும் வைத்த மேசைக்குப் பின்னால் பட்டாணி நின்று, வருகிறவர்களுக்கு இதயத்தை விளக்கிக்கொண்டிருந்தாள். முன்னால் நான்கைந்து பேர் நின்றிருந்தார்கள். அவரும் வரிசையின் கடைசியில் போய் நின்றுகொண்டார். தன் முறை வந்ததும் மேசைமேல் இரு கையையும் ஊன்றிக் குனிந்தார்.

“எனக்கும் சொல்லும்மா.”

“எதுலேர்ந்துப்பா?”

“முதல்லேர்ந்து” என்றார்.

பட்டாணி பாட்டிலைத் தண்ணீருக்குள் அமுக்கினாள்.