விளிம்பு வரை ஒரு டீ

காலர் நுனியில் ஒரே ஒரு சுருக்கம் மட்டும் போக மாட்டேன் என்று அடம்பிடித்தது. அக்கா மூன்றாவது தடவையாகத் தண்ணீர் தெளித்து, இஸ்திரிப் பெட்டியை வைத்து அழுத்தினாள்.

சாப்பாட்டு மேஜையின் மேல் போர்வையை நாலாக மடித்துப் போட்டு, அதன்மேல் நீலச் சட்டை. சட்டைக்குச் சொந்தக்காரன் கூடத்தில் நீளமாகப் படுத்திருந்தான். ஆஸ்பத்திரியில் போர்த்திவிட்ட வெள்ளைத் துணி கழுத்து வரை இருந்தது. பன்னிரண்டு மணிக்கு வண்டி. அதற்குள் உடை மாற்றிவிட வேண்டும்.

"குடுங்கக்கா, நான் தேய்க்கிறேன்" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி.

"நீ தேய்ச்சா அவன் எழுந்து உட்கார்ந்து மறுபடி தேய்ப்பான். விடு."

சொன்ன பிறகுதான் சொன்னது என்னவென்று உறைத்தது. யாரும் சிரிக்கவில்லை. இஸ்திரிப் பெட்டி மட்டும் புஸ்ஸென்று ஆவி விட்டது.

தெருவில் யாருக்கும் அவள் அக்காதான். கிழவர்களுக்கும் அக்கா. செத்துப்போனவன் கூடப் பிறந்த தம்பி, தெருவுக்கு 'இஸ்திரி'. இரண்டு தெரு தள்ளி அவர்களுடைய சலவைக் கடை. அவள் கல்லாவில், அவன் இஸ்திரி மேஜையில். இருபத்தாறு வருஷம். அவன் மடித்த சட்டையை ஒன்றின்மேல் ஒன்றாக ஐம்பது அடுக்கினாலும் அடுக்கு சாயாது.

நேற்று மாலை நாலு மணிக்கு அந்த மேஜைக்குப் போகும் வழியில்தான் விழுந்தான்.

எதிர்சாரியில் டீக்கடை. தினமும் நாலு மணிக்குத் தெருவைத் தாண்டிப்போய் அவளுக்கு டீ வாங்கி வருவது அவன் வழக்கம். முக்கால் கிளாஸ்தான் எப்போதும். கடந்த மூன்று மாதமாக அவனுக்கு என்ன பிடித்ததோ, விளிம்பு வரை ஊற்றச் சொல்லி வாங்கிவர ஆரம்பித்தான். ஆட்டோவுக்கும் சைக்கிளுக்கும் நடுவே, ஒரு கையில் கிளாஸை ஏந்தி, கண்ணை அதிலேயே வைத்து நடந்துவருவான். நேராக வந்து அவள் முன்னால் விரித்திருக்கும் பில் புத்தகத்தின் மேல் வைப்பான். வைத்துவிட்டு ஒரு நொடி நிற்பான்.

"யாருடா உன்னை இவ்வளவு ஊத்தச் சொன்னது? பில் புக்கு நனைஞ்சா உன் தாத்தாவா வந்து எழுதுவாரு?"

"சிந்தாதுக்கா."

அவ்வளவுதான். தினமும் அதே கேள்வி, அதே பதில். நேற்றும் சொன்னான். சொல்லிவிட்டுத் திரும்பினான். ஐந்தாவது அடியில் மடிந்து விழுந்தான். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது எல்லாம் முடிந்திருந்தது.

அக்கா பெட்டியின் ஒயரைப் பிடுங்கினாள். சட்டையைக் கையில் ஏந்திக்கொண்டு நிமிர்ந்தபோது, தம்பி மனைவி வாசற்படியில் நின்றிருந்தாள். அழுது வீங்கிய முகம். ஆனால் எதையோ தீர்மானித்துவிட்ட குரல்.

"அக்கா, இந்தச் சட்டை வேணாம்."

"ஏம்மா? அவனுக்குப் பிடிச்ச நீலம்தானே?"

"அவரோட வெள்ளைக் கோட்டு கடையில கிடக்கு. அதைப் போட்டு அனுப்பலாம்னு இருக்கேன்."

"என்ன வெள்ளைக் கோட்டு?"

தம்பி மனைவி தரையைப் பார்த்தாள். "உங்களுக்குத் தெரியக்கூடாதுன்னு இருந்தாரு. இனிமே என்ன? ஒன்றரை வருஷமா சாயங்காலம் கடை மூடினப்புறம் அந்த நாய், பூனை ஆஸ்பத்திரியில போய்ப் படிச்சாருக்கா. உதவியாளர் படிப்பு. பரீட்சைகூட பாஸ் பண்ணிட்டாரு. கோட்டை நம்ம கடையிலயே துவைக்கப் போடுவாரு. டாமிங்கிற பேருல."

டாமி!

வாரா வாரம் வரும் அந்தக் கோட்டு அக்காவுக்கு நன்றாகத் தெரியும். பூராவும் ரோமம். ஒட்டுநாடாவை வைத்து உரித்து உரித்து அவளுக்கு விரல் நோகும். "எவன்டா இந்த டாமி? நாயைக் கட்டிக்கிட்டுத் தூங்குறானா? ஒருநாள் வரட்டும், நாலு வார்த்தை கேக்கறேன்" என்று அவள் பொரிந்து தள்ளும்போது, மேஜையில் குனிந்து தேய்த்துக்கொண்டிருந்தவனின் தோள் குலுங்கியது இப்போது ஞாபகம் வந்தது. இருமுகிறான் என்று அப்போது நினைத்தாள்.

அவளிடம் அவன் சொல்லாமல் இல்லை. இரண்டு வருஷத்துக்கு முன்னால், நாற்பத்தெட்டு முடிந்த மறுநாள், மதியச் சாப்பாட்டின்போது சொன்னான். பழைய பில் புத்தகத்தின் கடைசித் தாளில் எழுதியும் வைத்திருந்தான். நாற்பத்தெட்டில் சேர வேண்டும். நாற்பத்தொன்பதில் பாஸ். ஐம்பதில் வேலை. அவள் அதை வாசித்துவிட்டு, சாப்பிட்ட வாயோடு சிரித்தாள்.

"இந்த வயசுல நாய்க்குத் தெர்மாமீட்டர் வைக்கப் போறியா? அது எங்க வைக்கணும்னாவது தெரியுமா?"

அவனும் சிரித்தான். தாளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டான். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது என்றுதான் அவள் நினைத்திருந்தாள், மூன்று மாதத்துக்கு முன்னால் அந்த போன் வரும்வரை.

"அவருக்கு வேலை கிடைக்கலைக்கா" என்றாள் தம்பி மனைவி. "வயசாயிடுச்சுன்னு எடுக்கலையாம். படிச்ச படிப்புக்கு ஒருநாளாவது அந்தக் கோட்டோட வேலைக்குப் போகணும்னு ஆசைப்பட்டாரு. இப்பவாவது போட்டுக்கட்டும். எடுத்துட்டு வந்துடறீங்களா? சாவி உங்ககிட்டதானே இருக்கு."

"எடுத்துட்டு வர்றேன்."

செருப்பை மாட்டியவள் அப்படியே நின்றாள். வாசலில் ஒரு பெண் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தாள். நாற்பது வயது இருக்கும். குட்டை முடி, மணிக்கட்டில் ஏதோ கீறின புதுத் தழும்பு. தோளில் மாட்டிய பையில் ஒரு பூனைப் படம்.

"வாங்க டாக்டர்" என்றாள் தம்பி மனைவி. "இப்பத்தான் தெரிஞ்சுதும்மா, உடனே கிளம்பி வந்தேன்" என்றாள் வந்தவள்.

அக்கா மாட்டிய செருப்பைக் கழற்றினாள். அந்தக் குரலை அவள் போனில் கேட்டிருக்கிறாள்.

'உங்க கடையில வேலை செய்றவரு எங்ககிட்ட முழுநேர வேலைக்கு மனு போட்டிருக்காரு. எங்களுக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு. இருந்தாலும் முதலாளிகிட்ட ஒரு வார்த்தை கேக்கறது எங்க வழக்கம்' என்றது அன்று அந்தக் குரல். அக்கா அப்போது இஸ்திரி மேஜையைப் பார்த்தாள். அங்கே அவன் இல்லை. டீ வாங்கப் போயிருந்தான். அவன் இல்லாத மேஜை எப்படி இருக்கும் என்று அந்த ஒரு கணத்தில் தெரிந்தது. அவளுக்கு ஐம்பத்தைந்து வயது. மூட்டு தேய்ந்துபோயிருந்தது. அப்பா செத்த அன்று கடைச் சாவியை அவள் கையில் திணித்தார்கள். உனக்கு என்னவாக ஆசை என்று அன்றும் யாரும் கேட்கவில்லை, அதற்கப்புறமும் யாரும் கேட்கவில்லை. இவனுக்கு மட்டும் ஐம்பதில் புது வேலை, புதுக் கோட்டு.

'நல்ல பையன்தான் டாக்டர். ஆனா அவனுக்குக் கை நடுங்கும். கொஞ்ச நாளா. யார்கிட்டயும் சொல்ல மாட்டான்' என்று சொல்லி போனை வைத்தாள்.

அவ்வளவு சுலபமாக இருந்தது.

இப்போது டாக்டர் கூடத்தில் போய் நின்றாள். படுத்திருந்தவனைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு தம்பி மனைவியின் தோளில் கை வைத்து ஏதோ சொல்ல வாயெடுத்தாள்.

"டாக்டர், இப்படி வாங்க, ஒரு வாய் காபி குடிக்கலாம்" என்று அக்கா அவள் முழங்கையைப் பிடித்தாள். கிட்டத்தட்ட இழுத்துக்கொண்டுதான் போனாள். சமையலறைக் கதவைச் சாத்தினாள்.

"நீங்கதான் அக்காவா?"

"ஆமா."

"போன்ல பேசினது..."

"ஆமா." அக்கா தாழ்ந்த குரலில் கேட்டாள். "அவகிட்ட சொல்லிட்டீங்களா?"

"எதை?"

"கை நடுங்குறதை."

டாக்டர் அவளை நிதானமாகப் பார்த்தாள். நாயின் கண்ணைப் பார்த்தே வலி எங்கே என்று கண்டுபிடிக்கிறவளின் பார்வை.

"இல்லம்மா. அவரு வீட்டுல சொல்ல வேணாம்னு கேட்டுக்கிட்டாரு. வயசுன்னு சொல்லிக்கறேன்னாரு." பையைக் கழற்றிச் சமையல் மேடையில் வைத்தாள். "உங்ககிட்ட போன்ல பேசின மறுநாள் அவரைச் சோதிச்சுப் பார்த்தேன். ஒரு டம்ளர் நிறையத் தண்ணி ஊத்திக் கையில குடுத்து, ஆஸ்பத்திரி பூராவும் நடக்கச் சொன்னேன். மாடி ஏறி இறங்கச் சொன்னேன். நடுவுல ஒரு நாய் குறுக்க ஓடிச்சு. ஒரு சொட்டு சிந்தலை."

அக்கா அடுப்பைப் பற்றவைத்தாள். பாத்திரம் வைக்க மறந்துபோனாள்.

"அப்புறம் ஏன் எடுக்கலை?"

"நான் எங்கம்மா எடுக்கலைன்னேன்? அவருதான் வேணாம்னுட்டாரு. 'உங்க அக்கா ஏன் அப்படிச் சொன்னாங்க'ன்னு கேட்டேன். கையிலிருந்த டம்ளரையே பார்த்துட்டு இருந்தாரு. அப்புறம் சிரிச்சாரு. 'எங்க அக்கா பொய் சொல்லாது டாக்டர். அது நடுங்குதுன்னா நடுங்கும்'னாரு. டம்ளரை மேஜை மேல வச்சுட்டுப் போயிட்டாரு. மனசு மாறி வருவாருன்னு அந்த இடத்தை இன்னும் காலியாவே வச்சிருக்கேன்."

வெறும் அடுப்பு நீலமாக எரிந்துகொண்டிருந்தது. டாக்டரே கையை நீட்டி அதை அணைத்தாள்.

"ஒண்ணு கேக்கவா? நிஜமாவே நடுங்குச்சா?"

அக்கா சர்க்கரை டப்பாவைத் திறந்தாள். மூடினாள்.

"காபிக்கு எவ்வளவு சர்க்கரை போடட்டும்?"

டாக்டர் பையை எடுத்துத் தோளில் மாட்டினாள். கதவைத் திறந்துகொண்டு வெளியே போகும்போது மட்டும் திரும்பினாள். "நானா எதுவும் சொல்ல மாட்டேன். ஆனா யாராவது கேட்டா, எனக்கு மறைச்சுப் பேச வராதும்மா."

கடைக்குப் போகும் வழியெல்லாம் அந்தக் கடைசி வாக்கியம் கூடவே வந்தது. கோட்டோடு படுத்திருந்தால் வருகிறவன் போகிறவன் எல்லாம் கேட்பான். என்ன கோட்டு, என்ன படிப்பு, ஏன் வேலை கிடைக்கவில்லை. வயதா? ஐம்பதெல்லாம் ஒரு வயதா? டாக்டரே இங்கேதானே நிற்கிறார், கேட்டுவிடுவோமே!

ஷட்டரைப் பாதி தூக்கி, குனிந்து உள்ளே போனாள். நேற்றைய ஆவி வாடை அடங்கியிருந்தது. இஸ்திரி மேஜையில் ஒரு பேன்ட், ஒரு கால் தேய்த்தும் ஒரு கால் தேய்க்காமலும் கிடந்தது. தரையில் ஆம்புலன்ஸ்காரர்களின் ஷூ தடம்.

கல்லா மேஜையில், விரித்த பில் புத்தகத்தின் மேல், நேற்று நாலு மணிக்கு அவன் வைத்த கிளாஸ் அப்படியே இருந்தது.

விளிம்பு வரை டீ. மேலே பழுப்பாக ஆடை கட்டியிருந்தது. கிளாஸைச் சுற்றிக் காகிதத்தில் ஒரு ஈர வட்டம் இல்லை, ஒரு கறை இல்லை. அவள் நேற்று எழுதிய கடைசி பில், எழுத்து கலையாமல், கிளாஸுக்கு அடியிலிருந்து எட்டிப் பார்த்தது.

மூன்று மாதம். ஞாயிறு நீங்கலாக, தினமும் ஒன்று. வைத்துவிட்டு ஒரு நொடி நிற்பான்.

அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கம்பியில் தொங்கிய உருப்படிகளை ஒவ்வொன்றாகத் தள்ளினாள். வெகுநேரம் தேட வேண்டியிருக்கவில்லை. ஏழாவதாகத் தொங்கியது. பிளாஸ்டிக் உறைக்குள் வெள்ளைக் கோட்டு, மார்பில் குத்திய சீட்டில் அவன் கையெழுத்து: டாமி. காலரை அவன் தேய்ப்பது போல யாராலும் தேய்க்க முடியாது. ஒரு சுருக்கம் இல்லை.

போன் அடித்தது. தம்பி மனைவி.

"அக்கா, கோட்டு கிடைச்சுதா?"

அவள் உறையின் மேல் ஒரு விரலை வைத்தாள். உள்ளே, தோளருகில், எல்லா ஒட்டுநாடாவுக்கும் தப்பித்து ஒரு செம்பட்டை ரோமம் ஒட்டிக்கொண்டிருந்தது.

"இல்லம்மா. ரெண்டு தடவை தேடிட்டேன்."

"நல்லாப் பாருங்கக்கா. அங்கதான் போட்டேன்னு சொன்னாரு."

"இருந்தா எனக்குத் தெரியாதா? வேற எங்கயாவது குடுத்திருப்பான். எனக்குத் தெரியக்கூடாதுன்னுதானே இருந்தான்."

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம். பிறகு, "சரிக்கா. வேற வழியில்ல. நீலச் சட்டையே போட்டுடறேன். நீங்க சீக்கிரம் வாங்க. வண்டி வந்துடும்."

"இதோ வர்றேன்."

கடையின் பின்பக்கம் ஒரு கோணிப்பை உண்டு. தொண்ணூறு நாளாகியும் ஆள் வராத துணிகளை அதில் போட்டுவைத்து, வருஷக் கடைசியில் அநாதை இல்லத்துக்குக் கொடுப்பது கடையின் பழைய வழக்கம். அக்கா சீட்டைக் கழற்றிக் கசக்கி இடுப்பில் செருகிக்கொண்டாள். கோட்டை உறையோடு மடித்தாள். பையின் அடியில், பழைய திரைச்சீலைகளுக்குக் கீழே தள்ளினாள்.

ஷட்டர் வரை போனவள் திரும்பி வந்தாள். எறும்பு வரும்.

கிளாஸை ஒரு கையால் எடுத்தாள். இஸ்திரி மேஜையைச் சுற்றிக்கொண்டு, தரையில் கிடந்த ஒயரைத் தாண்டி, இரண்டு படி இறங்கிப் பின்கட்டுத் தொட்டி வரை நடந்தாள். ஆடை சுருங்காமல் அப்படியே இருந்தது.

ஒரு சொட்டுகூடச் சிந்தவில்லை.