உருண்டைக்கு ஒரு பக்கம்

அவளுக்கு வேலை ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில். வில்லைகளை ஃப்ரேமுக்கு ஏற்றபடி தேய்த்து, உள்ளே பொருத்தி, திருகு முடுக்கிக் கொடுப்பாள். நாள் முழுக்க அடுத்தவர் மூக்கையும் காதையும் பார்த்துச் சலித்துப்போய் வீட்டுக்கு வந்தால், கையைக் கழுவியதும் எடுப்பது ஸ்டிக்கர் டப்பாவைத்தான்.

டைரி எழுத அவளுக்கு வராது. இரண்டு வரிக்கு மேல் போனால் பேனாவைக் கடிக்க ஆரம்பித்துவிடுவாள். அதனால் அன்றைய நாளை ஒட்டி வைப்பாள். ஒரு பஸ் டிக்கெட், புதுச் சட்டையிலிருந்து பிய்த்த அட்டை, பொட்டலம் கட்டி வந்த காகிதத்தில் அழகாக இருந்த ஒரு மூலை. அடியில் பூப்போட்ட டேப்பைக் கையாலேயே கிழித்துப் பட்டையாக ஒட்டுவாள். கத்தரித்தால் ஓரம் நேராக வந்து உயிரில்லாமல் இருக்குமாம். அதன்மேல் காகிதம், அதன்மேல் ஸ்டிக்கர், கீழே ஒரே ஒரு வரி. அவ்வளவுதான் அவளுடைய ஆர்ட் ஜர்னல். வீட்டில் அதற்குப் பெயர் நோட்டு.

கணவன் லிஃப்ட் மெக்கானிக். அவனிடமும் எப்போதும் டேப் இருக்கும், கறுப்பு டேப்.

"நாங்க ஒயர மறைக்க டேப் ஒட்டுறோம். நீ ஒண்ணுமே இல்லாத எடத்துல ஒட்டுற," என்று கிண்டல் செய்வான். ஆனால் வேலைக்குப் போன ஊர்களில் ஸ்டேஷனரி கடையைப் பார்த்தால் உள்ளே நுழையாமல் வரமாட்டான். அந்த முரட்டு ஆள் கடைக்காரரிடம் போய், வாத்து போட்ட ஸ்டிக்கர் இருக்கா என்று கேட்பதை நினைத்து அவள் தனியாகச் சிரித்திருக்கிறாள்.

வாத்து வாங்கியது கர்ப்பமான பிறகு. முதல் ஸ்கேனில் திரையை உற்றுப் பார்த்துவிட்டு, "என்ன இது, உருண்டையா இருக்கு?" என்று அவன் கேட்டான். அன்றிலிருந்து குழந்தைக்கு உருண்டை என்றே பெயராகிவிட்டது. உருண்டைக்கென்று புது நோட்டு போட்டாள். ஸ்கேன் படம் நாளாக ஆக மங்கிவிடும் என்று யாரோ சொல்லக் கேட்டு, அதை நகல் எடுத்து ஒட்டினாள். பசை தடவவில்லை, டேப்தான். டேப் என்றால் கோணலாகப் போனாலும் மெதுவாகத் தூக்கித் திரும்ப ஒட்டலாம், காகிதம் கிழியாது. ஸ்டிக்கர் அப்படியில்லை, ஒட்டினால் ஒட்டியதுதான். அதனால் ஸ்டிக்கர் ஒட்டும்போது மட்டும் மூச்சைப் பிடித்துக்கொள்வாள். வாத்துகள், குட்டிக் காலுறைகள், குல்லா போட்டுத் தூங்கும் நிலா. நிலாக்கள் அவளுக்கு ரொம்பப் பிடித்துப்போனதால் பாதிக்கு மேல் ஒட்டாமல் சேர்த்து வைத்திருந்தாள். ஒரு பக்கத்தில் நீல டேப்பால் ஜன்னல் மாதிரி சட்டம் போட்டு நடுவைக் காலியாக விட்டிருந்தாள். பிறந்ததும் எடுக்கிற முதல் போட்டோவுக்கு.

எட்டு மாதம் முடிந்து சில நாட்களில், ஒரு காலையில் வயிற்றுக்குள் அசைவில்லை. தூங்குகிறான் என்று நினைத்தாள். இனிப்பாக ஏதாவது குடி, எழுந்துகொள்வான் என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். குடித்தாள். மதியத்துக்குள் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். மருத்துவர் ஸ்கேன் கருவியை வயிற்றின்மேல் இப்படியும் அப்படியும் நகர்த்திக்கொண்டே இருந்தார். பிறகு திரையை மெல்லத் தன் பக்கமாகத் திருப்பிக்கொண்டார். அப்போதே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

மறுநாள் பிரசவம். வலி எல்லாம் மற்றவர்களுக்கு இருக்கிற மாதிரிதான் இருந்தது. முடிந்தபோது அழுகைச் சத்தம் மட்டும் இல்லை. நர்ஸ் துடைத்து, துணியில் சுற்றிக் கையில் கொடுத்தாள். கனமாக இருந்தான். அவனைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். போட்டோ எடுக்க வேண்டும் என்று அந்த நேரத்தில் யாருக்கும் தோன்றவில்லை. அப்புறம் கணவனும் அவன் அக்காவும் வாங்கிக்கொண்டு போய் அடக்கம் செய்துவிட்டு வந்தார்கள்.

இந்த நாத்தனாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். அம்மா இல்லாத வீட்டில் தம்பியைக் குளிப்பாட்டி, தலை சீவி வளர்த்தவர். எதையும் யோசித்துக்கொண்டு நிற்கமாட்டார். அழுகிற பிள்ளை, சண்டை போடுகிற பிள்ளை, வாந்தியெடுக்கிற பிள்ளை எல்லோரையும் ஏற்றிக்கொண்டு மணியடிக்கும் முன் கொண்டுபோய் விட வேண்டிய ஆள். அவர் சொன்னால் தம்பி மறுபேச்சு பேசமாட்டான்.

அவள் ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பியபோது தொட்டில் இல்லை. மடித்து வைத்திருந்த துணிகள் இல்லை. அலமாரியில் நோட்டும் இல்லை, ஸ்டிக்கர் டப்பாவும் இல்லை. அக்கா எடுத்து வைத்திருக்கிறாள் என்று கணவன் தரையைப் பார்த்தபடி சொன்னான். கண்ணில் பட்டுக்கொண்டே இருந்தால் புண் ஆறாது என்று நாத்தனார் சமையலறையிலிருந்து சொன்னார். அவளுக்குக் கேட்கத் தெம்பில்லை. அன்றைக்குத்தான் பால் கட்டிக்கொண்டு மார்பு கல்லாகியிருந்தது. குடிக்க ஆளில்லை என்று உடம்புக்கு யார் சொல்வது?

பார்க்க வந்தவர்கள் எல்லோரும் ஒரே மாதிரி பேசினார்கள். வயசிருக்கிறது, அடுத்தது நல்லபடியாகப் பிறக்கும் என்றார்கள். கணவனும் உருண்டை என்ற சொல்லை வாயிலேயே எடுக்கவில்லை. வேலைக்குப் போனான், வந்தான், சாப்பிட்டான், குப்புறப் படுத்துக்கொண்டான். ஒரே வீட்டில் இருவரும் மேலே போகிற லிஃப்டும் கீழே வருகிற லிஃப்டுமாக இருந்தார்கள்.

அந்த மாதக் கடைசியில் அவளைப் பரிசோதனைக்காக ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வேண்டியிருந்தது. எங்கேயோ லிஃப்டுக்குள் ஆட்கள் மாட்டிக்கொண்டதாக அவசர அழைப்பு வந்து கணவன் போய்விட்டான். பிள்ளைகளைப் பள்ளியில் இறக்கிவிட்டு நாத்தனார் காலி வேனோடு வந்தார். அவள் ஓட்டுநருக்குப் பின்னாலிருந்த நீள சீட்டில் உட்கார்ந்தாள்.

வண்டி கிளம்பிக் கொஞ்ச தூரம் போன பிறகுதான் பார்த்தாள். முன் சீட்டின் முதுகில் ஒரு வாத்து. ஜன்னல் கம்பிக்குக் கீழே ஒரு ஜோடிக் காலுறை. அதற்குப் பக்கத்தில், ஒரு பிள்ளையின் கை எட்டுகிற உயரத்தில், குல்லா போட்ட நிலா தலைகீழாக ஒட்டியிருந்தது.

நகத்தால் நிலாவின் ஓரத்தைச் சுரண்டினாள். குல்லா மட்டும் கையோடு வந்தது. முகம் அங்கேயே நின்றுவிட்டது.

நாத்தனார் கண்ணாடியில் பார்த்துவிட்டார். வண்டியை ஓரங்கட்டி, மூடிக்கிடந்த ஒரு கடைக்கு முன்னால் நிறுத்தினார். என்ஜினை அணைத்தார். திரும்பவில்லை.

"பசங்களுக்குக் குடுத்தேன்," என்றார். "சும்மா கெடந்து வீணாப் போறதுக்கு, அழாம வர்றவங்களுக்கு ஒண்ணு ஒண்ணாக் குடுக்கலாமேன்னு."

"நோட்டு எங்க அண்ணி?"

"அத நான் பிரிச்சுக்கூடப் பாக்கல. தூக்கிப் போட்டுருன்னு உன் வீட்டுக்காரன்கிட்ட குடுத்துட்டேன்."

அவள் கையிலிருந்த துண்டுக் குல்லாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பேசினால் குரல் எங்கேயோ போய்விடும் என்று பயமாக இருந்தது. ஆனால் குரல் நிதானமாகத்தான் வந்தது.

"அது உருண்டையோட நோட்டு. எல்லாருமாச் சேர்ந்து, அவன் இல்லவே இல்லாத மாதிரி ஆக்கிட்டீங்க அண்ணி. அவன் இருந்தான். என் வயித்துல இருந்தான். நான் கையில வெச்சிருந்தேன்."

ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த நாத்தனாரின் தோள்கள் குலுங்கின. அவரை அப்படி அவள் பார்த்ததே இல்லை.

"நானும்தான் வெச்சிருந்தேன்," என்றார் கடைசியில். "அங்க போற வரைக்கும் என் மடியிலதான் இருந்தான். கால் வெரல எல்லாம் தொட்டுத் தொட்டுப் பாத்தேன். கண்ண மூடினா அதான் வருது. உனக்காகன்னு சொல்லித்தான் எல்லாத்தையும் அப்புறப்படுத்தினேன். எனக்காகத்தான்."

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, சாயங்காலத்துக்குள் வேனில் இருக்கிற எல்லாவற்றையும் பிய்த்துக் கொண்டுவந்து தருகிறேன் என்றார். வேண்டாம் என்றாள் அவள். பிய்த்தால் கிழியும், பிள்ளைகளிடமே இருக்கட்டும். டாக்டரைப் பார்க்க நேரமாகிறது என்றும் சொன்னாள். ஆஸ்பத்திரிப் படியேறும்போது நாத்தனார் அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

மாலையில் கணவன் வந்து, கிரீஸ் போகக் கை கழுவிக்கொண்டிருந்தபோது, பின்னால் போய் நின்று கேட்டாள். அவன் குழாயை மூடவில்லை. தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது.

"போடல," என்றான். "போடத்தான் எடுத்துட்டுப் போனேன். குப்பைத்தொட்டி வரைக்கும் போயிட்டுத் திரும்பி வந்துட்டேன்."

நோட்டு ஒரு உயரமான கட்டடத்தின் மொட்டை மாடியில், லிஃப்ட் மோட்டார் இருக்கிற அறையில் இருந்தது. சாவி அவனிடம் மட்டும்தான். எங்கே வேலையிருந்தாலும் மதியச் சாப்பாட்டுக்கு அங்கே போய்விடுவானாம். சாப்பிட்டுக்கொண்டே பக்கம் பக்கமாகப் பார்ப்பானாம்.

"எங்கிட்ட சொல்லியிருக்கலாமே."

"சொன்னா நீ அழுவியேன்னு."

"நீங்க?"

அவன் குழாயை மூடினான். "அங்க மோட்டார் ஓடிட்டே இருக்கும். யாருக்கும் கேக்காது."

அவள் அவன் முதுகில் நெற்றியை வைத்துக்கொண்டாள். ஈரக் கையோடு அவன் திரும்பினான். வீடு திரும்பிய பிறகு முதல்முறையாக இருவரும் சேர்ந்து அழுதார்கள், சத்தம் போட்டு, பக்கத்து வீட்டுக்குக் கேட்கும்படி.

ஞாயிற்றுக்கிழமை நோட்டு வீட்டுக்கு வந்தது. எண்ணெய் வாடை அடித்தது. சில பக்கங்களின் ஓரத்தில் கறுப்பாகக் கட்டைவிரல் தடம். அவள் அதைத் துடைக்கவில்லை. நீல ஜன்னல் பக்கத்தைத் திறந்து இருவருக்கும் நடுவில் வைத்தாள். ஒட்டுவதற்கு என்ன இருக்கிறது? போட்டோவும் இல்லை, ஸ்டிக்கரும் இல்லை. வேலைக்குக் கொண்டுபோகும் பையில் மறந்துபோய்க் கிடந்த மஞ்சள் டேப் ஒன்றுதான் மிச்சம்.

கணவன் பர்ஸைத் திறந்து, அடையாள அட்டைக்குப் பின்னாலிருந்து எதையோ உருவினான். ஆஸ்பத்திரியில் குழந்தையின் கையில் கட்டியிருந்த பட்டை. அவள் பெயர், ஆண் குழந்தை, தேதி, எடை. விரலில் மாட்டுகிற அளவுதான் வளையம். துணியைச் சுற்றும்போது கழன்று விழுந்ததாம். எடுத்து வைத்துக்கொண்டானாம்.

அந்த நேரத்தில்தான் நாத்தனார் வந்தார். செருப்பைக் கழற்றும்போதே, கொடுத்துவிட்ட தொட்டிலைத் திரும்பக் கேட்டுப் போனேன், வேறொரு குழந்தை அதில் தூங்குகிறது, கேட்க மனசு வரவில்லை என்றார். பிறகு பையிலிருந்து ஒரு ஸ்டிக்கர் தாளை எடுத்து நீட்டினார். கடையில் நிலாவும் இல்லை, வாத்தும் இல்லையாம். லாரி, பஸ், ரோடு ரோலர், தீயணைப்பு வண்டி. அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எத்தனையோ நாட்களுக்குப் பிறகு வந்த சிரிப்பு, பாதியிலேயே வேறு மாதிரி ஆகிவிட்டது.

நாத்தனார் தாளில் ஒரு மூலையைக் காட்டினார். "இதுல வேன் ஒண்ணு இருக்கு. பள்ளிக்கூடம் போற வயசு வந்திருந்தா, என் வேன்லதானே போயிருப்பான்."

மஞ்சள் டேப்பைக் கணவன் கிழித்துக் கொடுத்தான். முதல் துண்டு கோணலாக வந்தது. அதுதான் நன்றாக இருக்கிறது என்று அவள் வாங்கிக்கொண்டாள். ஜன்னலுக்கு நடுவில் கைப்பட்டையை வைத்து, இரண்டு முனையிலும் டேப்பை அழுத்தினாள். வேனை நாத்தனாரையே ஒட்டச் சொன்னாள். அவர் ஒட்டியதில், வண்டி ஏற்றத்தில் போகிற மாதிரி சாய்ந்து ஒட்டிக்கொண்டது. பார்த்துப் பார்த்து வண்டி ஓட்டுகிறவருக்கு அது பொறுக்கவில்லை. பரவாயில்லை அண்ணி, மேட்டுல ஏறுது என்றாள் அவள்.

கீழே ஒரு வரி எழுத வேண்டும். பேனாவை வெகுநேரம் பிடித்துக்கொண்டிருந்தாள். பிறகு எழுதினாள்: உருண்டை வந்தான்.

மிச்சப் பக்கங்களை என்ன செய்யப்போகிறாய் என்று கணவன் கேட்டான். தெரியவில்லை என்றாள். அது உண்மைதான், அவளுக்குத் தெரியவில்லை. நோட்டை மூடி அலமாரியில் பழைய இடத்திலேயே வைத்தாள்.

அடுத்த வாரம் வேலைக்குத் திரும்பினாள். கடையில் முதலாளி ஏற்கெனவே எல்லோரிடமும் சொல்லிவைத்திருப்பார் போல. யாரும் எதுவும் கேட்கவில்லை. எல்லோரும் காலி கண்ணாடிக் கூடுகளை அடுக்குவதில் ரொம்ப மும்முரமாக இருந்தார்கள். வில்லை தேய்க்கிற இயந்திரத்தின் சத்தம் அவளுக்கு ஆறுதலாக இருந்தது.

மதியத்துக்கு மேல் வாடிக்கையான தையல்கடைக்காரம்மா வந்தார். ஊசியில் நூல் கோக்கிற கண்ணாடியின் காம்பு ஆடுகிறது என்று நீட்டியவர், அவள் வயிற்றைப் பார்த்து முகம் மலர்ந்து, குழந்தை பிறந்தாச்சா என்று கேட்டார். பின்னால் கூடுகள் அடுக்குகிற சத்தம் நின்றது.

அவள் திருகை முடுக்கிக்கொண்டே பதில் சொன்னாள். "பையன்மா. பொறக்கும்போதே உயிர் இல்ல."

அந்த அம்மா நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். வயசிருக்கிறது என்று சொல்லவில்லை. அடுத்தது என்று சொல்லவில்லை. தணிந்த குரலில் கேட்டார்.

"யாரு ஜாடைம்மா?"

இதை இதுவரை யாருமே கேட்டதில்லை. அவள் திருப்புளியைக் கீழே வைத்தாள்.

"அவங்க அப்பா ஜாடை," என்றாள். "நெத்தி, காது, எல்லாம் அப்படியே. மோவாய் மட்டும் என்னோடது. நடுவுல லேசா குழி இருந்துச்சு."

"முடி?"

"நெறைய. நல்ல கறுப்பு."

தையல்கடைக்காரம்மா தலையசைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். அவள் சொல்லிக்கொண்டே போனாள்.