ஐந்து தப்பு விடைகள்

பௌதிகத்தில் பட்டம் வாங்கினால் வானிலைத் துறை, தொலைத்தொடர்பு, மருத்துவமனைக் கதிரியக்கம், ஆராய்ச்சிக்கூடம் எல்லாம் காத்திருக்கும் என்றார் எங்கள் விரிவுரையாளர். நான்கிற்கும் எழுதிப் போட்டேன். பதினான்கு மாதம். இரண்டு இடத்திலிருந்து காலி இல்லை என்று கடிதம் வந்தது. மற்ற இரண்டும் அதைக்கூட எழுதவில்லை. அது எண்பத்தாறு. இருக்கிற ஆட்களையே வீட்டுக்கு அனுப்பிக்கொண்டிருந்த வருஷம். ரயில்வே பட்டறையில் அப்பாவுக்கு அடுத்த மாதம் ஓய்வு. பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே கொடுத்த குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். வாடகைக்கு யாராவது சம்பாதித்தாக வேண்டும்.

ஷா ஆலாமில் ஒரு தொழிற்சாலைக்கு ஆப்பரேட்டர் வேலை கேட்டுப் போனேன். தேர்வில் இருபதுக்கு இருபது. சான்றிதழைப் பார்த்த அதிகாரி, "டிகிரியா? மூணு மாசத்துல ஓடிருவே லா," என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

அதனால் கிள்ளானில் ரேடியோ செய்யும் தொழிற்சாலைக்குப் போனபோது, விண்ணப்பத்தில் பதினேழு வயதில் பள்ளியில் முடித்த ஐந்தாம் படிவத்தை மட்டும் எழுதினேன்.

"அஞ்சாம் பாரம் முடிச்சு ஆறு வருஷமா என்னம்மா செஞ்சே?" என்று கேட்டார் ஆள் எடுக்கும் அதிகாரி ரெங்கசாமி.

"வீட்டுல இருந்தேன் சார்."

தலையாட்டிக்கொண்டு எழுதிக்கொண்டார். தமிழ்ப் பெண் ஆறு வருஷம் வீட்டில் இருந்தாள் என்றால் அதற்கு மேல் யாரும் கேட்பதில்லை.

பிறகு கணக்குத் தேர்வு. இருபது கேள்வி; பன்னிரண்டு சரியாக இருந்தால் போதும். சந்தேகம் வராமலிருக்க ஐந்தைத் தப்பாக எழுதினேன். நம்பும்படி தப்பு செய்வது, பல்கலைக்கழகத்தில் எழுதிய எந்தத் தாளையும்விடக் கஷ்டமாக இருந்தது.

பக்கத்து நாற்காலியில் காப்பாரிலிருந்து வந்த வள்ளியம்மா. பதினெட்டு வயது, மூன்றாம் படிவத்தோடு படிப்பை நிறுத்தியவள். "அக்கா, இங்க சாப்பாடு குடுப்பாங்களா?" என்று மட்டும் கேட்டாள்.

அரை மணி நேரத்தில் ரெங்கசாமி எங்கள் இரண்டு பேரையும் கூப்பிட்டார்.

"அஞ்சு தப்பு. ரெண்டு பேருக்கும் அதே அஞ்சு. யாரு யாரைப் பாத்து எழுதினது?"

வள்ளியம்மா தரையைப் பார்த்தாள். அவர் என் பக்கம் திரும்பினார். "அறுபதுல முக்கால் எவ்வளவு?"

"நாப்பத்தஞ்சு சார்." வாய் முந்திக்கொண்டது.

"இங்க நாப்பதுன்னு எழுதியிருக்கே? தெரிஞ்சவ தப்பா எழுதுவாளா? நீதான் அவளைப் பாத்து எழுதியிருக்கே."

பட்டத்தைச் சொன்னால் பொய் விண்ணப்பம் என்று அனுப்பிவிடுவார். சொல்லாவிட்டால் காப்பியடித்தவள் என்று அனுப்பிவிடுவார்.

"பதட்டத்துல எழுதிட்டேன் சார். நான் யாரையும் பாக்கல. அவதான் என்னைப் பாத்து எழுதினா."

பொய்யில்லை. அதுதான் இன்னும் உறுத்துகிறது.

வள்ளியம்மா மறுக்கவில்லை. அவள் விண்ணப்பத்தின் குறுக்கே அவர் ஒரு கோடு இழுத்தார். என்னைத் திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு வரச் சொன்னார்.

பஸ் நிறுத்தத்தில் இரண்டு பேரும்தான் நின்றோம். மன்னிப்புக் கேட்டேன்.

"பரவால்லக்கா, பாத்து எழுதினது நான்தானே," என்றாள். "அந்த முக்கால் கணக்கு எனக்கே தெரியும். நாப்பத்தஞ்சுதான் போட்டிருந்தேன். உங்களப் பாத்தா நல்லா படிச்சவங்களாட்டம் இருந்துச்சு. நாப்பதுன்னு எழுதியிருந்தீங்க. சரி, நமக்கு என்ன தெரியும்னு அழிச்சிட்டு மாத்திட்டேன்."

காப்பார் பஸ் வந்தது. ஏறிப் போய்விட்டாள்.