அடைப்புக்குறிக்குள் இருக்கும் சொல்

1

இந்தக் கதை நான் யோசித்ததல்ல, அண்ணியிடமிருந்து சுட்டது. அடுத்த கொள்ளைநோய் வருவதற்குள் உலக நாடுகள் கூடி ஓர் ஒப்பந்தம் எழுதுகின்றன. அந்த மண்டபத்தில் அண்ணி தட்டச்சர். ஒரு சொல்லுக்கு ஒரே ஒரு நாடு மறுத்தாலும் திரையில் அதை அடைப்புக்குறிக்குள் போட வேண்டும். எல்லோரும் சம்மதித்தால்தான் எடுக்கலாம்.

மூன்று வருடமாக ஒரு சொல் உள்ளேயே கிடக்கிறது:

“கிருமியின் மாதிரியை அனுப்பிய நாட்டுக்குத் தடுப்பூசியில் ஒரு பங்கு [உடனே] தரப்படும்.”

ஒரு சொல்லுக்கு மூன்று வருடமா என்று சிரித்தேன். அது அண்ணியின் தங்கையின் கதையைக் கேட்கும் முன்.

2

தொடக்கம்: “உலகமே நடுங்கிய ஒரு காலையில்...” [வேண்டாம். சினிமா விளம்பரம் மாதிரி இருக்கிறது.]

மறுபடி: அண்ணியின் தங்கை மாடிப்படியில் நிற்கிறாள்.

இது தேவலை. அவள் அரசு ஆய்வகத்தில் வேலை செய்பவள். போன கொள்ளைநோயின் முதல் மாதிரியைக் குளிர்பெட்டியில் வைத்து வெளிநாட்டுக்கு அனுப்பியவள். அதை வைத்துச் செய்த தடுப்பூசி அவள் ஊருக்கு வரப் பதினோரு மாதம் ஆனது. ஏழாவது மாதமே அதே நோயில் அவள் படுத்துவிட்டாள். ஆய்வகத்துக்கு இருபத்திரண்டு படிகள். இப்போது இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்கித்தான் ஏறுகிறாள்.*

* முதல் வரைவில் அவளைச் சாகடித்திருந்தேன். அண்ணி ஒரு வாரம் என்னோடு பேசவில்லை.

3

[யாரும் பார்க்காத நேரத்தில் அண்ணி ஒரு விசையைத் தட்டி அடைப்பை அழித்துவிடுகிறார்.]

இதைப் படித்துக் காட்டியபோது அண்ணி முறைத்தார்.

“எனக்கு அது அரை நொடி வேலை, தம்பி. ஆனா நான் எடுத்தா செல்லாது. அங்க யாரும் யாரையும் அதட்ட முடியாது. ஒவ்வொருத்தரா மனசு வெச்சு விட்டுக்கொடுத்தாத்தான் உண்டு.”

எனக்குப் புல்லரித்துவிட்டது. இத்தனை நாடுகள், இத்தனை மொழிகள், பிடுங்கிக்கொள்ள வலு உள்ளவர்களும் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். இதைவிடப் பெரிய அதிசயத்தை நான் கேள்விப்பட்டதில்லை.

4

கடைசி நாள் காலை தங்கை போன் செய்தாள்.

“அக்கா, கோழிப்பண்ணையில ஒருத்தருக்கு வேற மாதிரி காய்ச்சல். கிருமி புதுசு போலிருக்கு. மாதிரியை அனுப்பிட்டேன்.”

“அந்த வார்த்தை இன்னும் உள்ளதான்டி இருக்கு!”

“தெரியும். அதுக்காகப் பெட்டியில வெச்சுப் பூட்டிட்டு உட்கார முடியுமா? நாளைக்கு வேற ஊர்ல யாரோ படியேற முடியாம நிப்பாங்க.”

அண்ணி போனை வைத்துவிட்டு மண்டபத்துக்குள் போனார்.

“‘உடனே’வின் அடைப்பை எடுக்கிறோம். மறுப்பு உண்டா?” என்று தலைவர் கேட்டார். மறுப்பவர்கள் நாட்டின் பெயர்ப்பலகையை நிமிர்த்தி வைப்பது வழக்கம். ஒன்பது பலகைகள் நின்றன. ஒவ்வொன்றாகச் சாய்ந்தன. ஒன்று மட்டும் மிச்சம். தடுப்பூசி தயாரிக்கும் நாடு. அதன் பிரதிநிதி வெகுநேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பலகையின் மேல் கை வைத்தார்.

அந்தக் கை பலகையை [சாய்த்தது].

எனக்குச் சம்மதம். அண்ணிக்கும்தான். ஆனால் வாசிப்பவர் எல்லோரும் சொன்னால்தான் இந்த அடைப்பை எடுக்க முடியும். அண்ணியின் விரல் விசைமேல் இருக்கிறது. அங்கே பாதிப் படியில் தங்கை நிற்கிறாள்.

மறுப்பு உண்டா?