தடம் தொடர ஓர் ஆள்

பதினோராவது குறிக்குக் கல் போதவில்லை. லோகப்பிரியா வேலியோரம் கிடந்த ஓட்டுச் சில்லுகளைப் பொறுக்கி, அம்பின் முனையைச் செய்துமுடித்தாள். சூலூருக்குத் தெற்கே, அவர்கள் வீட்டுக்குப் பின்னால் தொடங்கும் இட்டேரி அது. ஒருகாலத்தில் மாட்டுவண்டி போன தடமாம். இப்போது ஒரு பைக்கைத் திருப்பவே இடம் பத்தாது. ஒரு பக்கம் முள்வேலி, மறுபக்கம் ஆள் உயர மக்காச்சோளம். பன்னிரண்டாவது குறியை மோட்டார் ரூம் வாசலில் வைத்துவிட்டால் வேலை முடிந்தது.

பள்ளிக்கூடத்தில் சாரணியர் படையை நடத்திய கைடு டீச்சர் மாற்றலாகிப் பெருந்துறைப் பக்கம் போனதும் மற்ற ஏழு பெண்களும் சீருடையை மடித்துப் பெட்டியில் போட்டுவிட்டார்கள். லோகப்பிரியா மட்டும் பிடித்த பிடியை விடவில்லை. தனியாகவே ரசம் வைத்துச் சமையல் பேட்ஜ் வாங்கினாள். நன்றாக இருந்த தங்கச்சி காலுக்குக் கட்டுப் போட்டு முதலுதவி பேட்ஜும் வாங்கினாள். தலைமையாசிரியர் தாராள மனசுக்காரர், எழுதிக் கொண்டுபோனால் கையெழுத்துப் போட்டுவிடுவார். இந்தத் தடம் பேட்ஜ்தான் இழுத்துக்கொண்டே போனது. குறி வைத்தவரே அதைத் தேடிப் போனால் செல்லாது. தடத்தைப் பார்த்தறியாத ஒருவர் கடைசிவரை தொடர்ந்து வந்து லாக் புக்கில் பெயர் எழுத வேண்டும். அதுவும் திங்கட்கிழமைக்குள்.

குச்சி ஐஸ் வாங்கித் தருவதாகச் சொன்னதும் தங்கச்சி கிருபா ஒத்துக்கொண்டாள். இரண்டாம் வகுப்புப் படிக்கிறாள், பெயர் எழுதத் தெரியும், அது போதும். அம்மா மயிலாத்தாள் மில்லுக்குக் கிளம்பும்போதே மிரட்டிவிட்டுத்தான் போனாள். “காட்டுக்குள்ள கெணறு வாய் தொறந்து கெடக்குது அம்மணி. புள்ளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா நீ ஊட்டுப் பக்கமே வராத.”

கடைசிக் குறியையும் வைத்துவிட்டு லோகப்பிரியா மோட்டார் ரூம் வாசலில் காத்திருந்தாள். நான்கு மணிக்குக் கிருபா வீட்டிலிருந்து கிளம்ப வேண்டும். பத்து நிமிட நடை. நாலேகாலாயிற்று, நாலரையாயிற்று, இட்டேரியில் யாரும் வரவில்லை. அப்போது கரண்ட் போயிருக்க வேண்டும், ஊரின் தறிச் சத்தம் சட்டென்று நின்றது. பிறந்ததிலிருந்து காதுக்குள் ஓடிக்கொண்டிருந்த சத்தம் அது.

லோகப்பிரியா தடத்தின் வழியே வீட்டுப் பக்கம் திரும்பி நடந்தாள். பத்தும் ஒன்பதும் எட்டும் வைத்தபடியே இருந்தன. ஏழாவதைக் காணோம். கற்கள் வேலியோரம் ஒதுக்கப்பட்டிருந்தன. இருந்த இடம், கோலத்துக்கு முன் வாசலைத் தடவிவிட்டதுபோல் மழமழவென்று இருந்தது. ஆறும் இல்லை, ஐந்தும் இல்லை. தொடர்கிறவர்தான் தாண்டிய குறிகளைக் கலைத்துக்கொண்டே வர வேண்டும், பின்னால் வேறு யாரும் வந்து வழிதவறக் கூடாது. அதுதான் சாரணர் வழக்கம். அவசரத்தில் அதைக் கிருபாவுக்குச் சொல்ல லோகப்பிரியா மறந்தே போயிருந்தாள்.

அப்படியானால் யார் கலைத்தது?

“கிருபா!” என்று கத்திக்கொண்டே மக்காச்சோளத்துக்குள் பாய்ந்தாள். தோகைகள் முகத்தைக் கீறின. கிணற்று மேட்டில் குப்புறப் படுத்து எட்டிப் பார்த்தாள். அடியில் தண்ணீர் அசையாமல் கிடந்தது. பேட்ஜும் வேண்டாம் ஒரு மண்ணும் வேண்டாம், புள்ளை கிடைத்தால் போதும் என்று அழுதுகொண்டே இட்டேரிக்குத் திரும்பினாள்.

சற்றுமுன் தாண்டிப் போன எட்டாவது குறி இப்போது இல்லை. ஒன்பதும் இல்லை, பத்தும் இல்லை. லோகப்பிரியா ஓடினாள். பதினோராவதின் சில்லுகள் வேலியோரம் ஒதுங்கியிருந்தன. அதில் ஒன்று இன்னும் ஆடிக்கொண்டிருந்தது.

மோட்டார் ரூம் வாசலில் கிருபா நின்றிருந்தாள். மேலே ஒரு கீறல் இல்லை. வலது கையை மட்டும் தலைக்கு மேலே தூக்கியிருந்தாள், உயரமான யாரோ பிடித்துக்கொண்டிருப்பதுபோல.

“எங்கடி போன?”

“நேராத்தான் வந்தேன். அந்தக்கா கையப் புடிச்சுக் கூட்டிட்டு வந்தாங்க. எல்லாத்தையும் கலைச்சுப்போட்டுத்தான் வரோணும்னாங்க.”

“எந்த அக்கா?”

கிருபா பக்கத்தில் அண்ணாந்து பார்த்தாள். “இவங்கதான். இவங்களும் பேட்ஜுக்குத் தனியாத்தான் செஞ்சாங்களாமா. பொறத்தால வர ஆளே கெடைக்கலியாமா.”

லோகப்பிரியா தங்கையின் மறுகையைப் பிடித்துத் தன் பக்கம் இழுத்தாள். பலங்கொண்ட மட்டும் இழுத்தும் அந்தச் சின்ன உடம்பு ஒரு விரற்கடை அசையவில்லை.

“நீ கை குடுத்தா உட்டுருவாங்களாமா,” என்றாள் கிருபா.

லோகப்பிரியா வலது கையை நீட்டினாள்.

“அந்தக் கை இல்லியாமாக்கா. நொட்டாங்கை.”

அவர்கள் வீட்டில் இடது கையால் ஒரு டம்ளரை நீட்டினாலே மயிலாத்தாள் மண்டையில் குட்டுவாள். சாரணர்கள் மட்டும்தான் ஒருவரையொருவர் பார்த்ததும் இடது கையைக் குலுக்குவார்கள். லோகப்பிரியா அதை வீட்டில் யாரிடமும் சொன்னதில்லை.

கிருபாவை வலது கைக்கு மாற்றி இறுகப் பிடித்துக்கொண்டு, இடது கையை வெறும் வெயிலில் நீட்டினாள். கிருபாவின் தூக்கிய கை மெல்லக் கீழே இறங்கியது. “வா, ஊட்டுக்குப் போலாம்,” என்று கிருபா அக்காவின் பாவாடையைப் பிடித்து இழுத்தாள்.

லோகப்பிரியா நீட்டிய கையின் விரல்களை மடக்கிப் பார்த்தாள். உள்ளே இன்னொரு கை இருப்பதுபோல், பாதிக்கு மேல் மடங்கவில்லை.